ஒரே தடவையில் புரிந்துகொண்ட தையல்காரம்மா

முதல் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு. ஃபெயிலாகி இரண்டு வருஷம் உட்கார்ந்தவர்களும் உண்டு. முதல் வகுப்பில் உட்காருவதையே ஒரு உத்தியோகமாகப் பார்த்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். தெருவில் அவளை அரிச்சுவடி அக்கா என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவளுக்கே மறந்து போயிருக்கும்.

அவளுடைய உண்மையான வேலை சட்டைப் பட்டறையில். முழுச் சட்டை அல்ல, காலர் மட்டும். கை தைக்க ஒருத்தி, பை தைக்க ஒருத்தி, காலர் தைக்க இவள். ஊரில் பாதி ஆம்பிளைகள் கழுத்து தன் கையில்தான் இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வாள். அவள் புருஷன் பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு நாளில் ஆயிரம் மாடி ஏறியும் வாழ்க்கையில் ஒரு படிகூட ஏறாத மனுஷன் என்று அவரை அவள் சீண்டுவாள். அவர் சிரித்துக்கொள்வார். அந்த வீட்டில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

பட்டறைக்கு எதிரே ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களைத் தயார் பண்ணுகிற இடம். முடிவெட்டப் பழகுகிறவனுக்கு ஒரு தலை வேண்டும் இல்லையா, அதே மாதிரி பாடம் நடத்தப் பழகுகிறவனுக்கு ஒன்றும் தெரியாத ஆள் நாலு பேர் வேண்டும். அந்த ஆட்களைப் பிடித்து வருவது கூடத்துக் காவலாளியின் பொறுப்பு. இங்கிலீஷ் வாசனையே படாதவர்களாகப் பார்த்துக் கூட்டி வா என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலில் நின்று பார்த்தார். எதிரே பட்டறை. கை தட்டிக் கூப்பிட்டார். டீயும் பிஸ்கட்டும் உண்டு, தலைக்கு மேல் மின்விசிறியும் உண்டு என்றார். முதல் நாள் நாலு பேர் போனார்கள். மறுவாரம் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். விடாமல் போனவள் இவள் ஒருத்திதான். பட்டறையில் மின்விசிறி முதலாளியின் தலைக்கு மேல் மட்டும்தான் சுற்றும்.

அந்தக் கூடத்தில் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு கூட்டமும் முதல் பாடத்தில் தொடங்கிப் பத்தாம் பாடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடும். அடுத்த கூட்டம் வந்து மறுபடி முதல் பாடத்தில் தொடங்கும். அதனால் அரிச்சுவடி அக்காவுக்கு முதல் பத்துப் பாடம் தண்ணீர் பட்ட பாடு. வாட் இஸ் திஸ் என்று கேட்டு, ஆப்பிள் படத்தை எத்தனை பேர் நீட்டியிருப்பார்கள் என்கிறீர்கள்? அந்த ஆப்பிள் காய்த்து, கனிந்து, அழுகி, மறுபடி முளைத்து மரமாகி அதிலும் காய்த்திருக்கும். கடிகாரம் பார்த்து மணி சொல்லுவாள். சட்டையின் கலர் சொல்லுவாள். தபால் ஆபீசுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டால் ராணி மாதிரி வழி காட்டுவாள். ஆனால் பதினோராம் பாடம் என்ற ஒன்றை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று நடந்ததைச் சொல்லுவது அந்தப் பாடத்தில்தான் வரும். ஆகவே இங்கிலீஷில் அவளுக்கு நேற்று என்று ஒரு நாளே கிடையாது. தினமும் இன்றைக்குத்தான் பிறந்தாள்.

எல்லாம் தெரிந்த பிறகும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தது ஏன் என்று கேட்டால், டீக்காகத்தான். தெரிந்துவிட்டது என்று சொன்னால் காவலாளி வேறு ஆள் பார்ப்பார். அதனால் நடித்தாள். நடிப்பு என்றால் சாதாரண நடிப்பு இல்லை. முதல் தடவை கேட்டால் முழுத் தப்பு. அடுத்த தடவை பாதி சரி. மூன்றாம் தடவை முகத்தில் வெளிச்சம் வந்து முழுசும் சரி. அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற பயிற்சிக்காரர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். அடடா, நம்ம வாயால் ஒரு ஜீவன் இங்கிலீஷ் பேசிவிட்டதே என்று கண் கலங்கியவர்கள்கூட உண்டு. பின்வரிசையில் கூடத்துப் பெரிய மேடம் உட்கார்ந்து மார்க் போடுவார். பாடம் முடிந்து மூன்று படம் காட்டுவார்கள். மாணவர் மூன்றையும் சொல்லிவிட்டால் வாத்தியார் பாஸ். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் அடுத்த கூட்டத்தில் வரவேண்டியதுதான்.

அப்படிப் பார்த்தால் அந்தக் கூடத்தில் மார்க் போட்டது மேடம் இல்லை, காலர் தைக்கிற இந்த அக்காதான். இது மேடத்துக்குத் தெரியாது. அக்காவுக்கே ரொம்ப நாள் தெரியாது.

தெரிந்தது எப்போது என்றால், நடுங்கி சார் வந்தபோது. கை நடுக்கத்தைப் பார்த்து அக்கா வைத்த பெயர் அது. இளவயசுப் பையன். வெளிறிப் போய் உள்ளே வந்தார். சாக்பீஸ் எடுத்தார், அது மூன்று துண்டானது. படங்களை எடுத்தார், சீட்டுக்கட்டு மாதிரி தரை முழுக்கச் சிதறியது. குனிந்து பொறுக்கினார். பொறுக்கியது மறுபடி விழுந்தது. குடைப் படத்தை மேஜைக்கு அடியிலிருந்து எடுக்கவே அவருடைய நேரத்தில் பாதி போய்விட்டது. கடைசியில் கரும்பலகையைப் பார்த்தபடி, சுவரிடம் ரகசியம் சொல்லுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையையும் ஒரே ஒரு தடவை முணுமுணுத்தார். மணி அடித்துவிட்டது.

மூன்று தடவை நடிக்க நேரம் ஏது? அக்கா பார்த்தாள். அந்தப் பையனின் கழுத்தைப் பார்த்தாள். காலர் நைந்து, உள்ளே இருக்கிற கெட்டித் துணி தெரிந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆப்பிள், குடை, கடிகாரம் என்று மூன்று படத்தையும் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். பெரிய மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரே தடவையில் கற்பித்த வாத்தியார் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் முதல் இடம். அவர் வெளியே போகும்போது தரையில் கால் பாவவில்லை.

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்குத் தூக்கம் சுகமாக வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுகம் பழகிவிட்டது. அழுகிறவர், திக்குகிறவர், புருஷன் திட்டுவார் என்று பயந்தவர், வேலை போய்விடும் என்று வந்தவர் எல்லாரையும் இவள் கரையேற்றினாள். ஓடம் மாதிரி. ஓடத்துக்குக் கரையில் என்ன நடக்கிறது என்று தெரியாது அல்லவா, இவளுக்கும் தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் ஒருத்தி இருந்தாள். வாயைத் திறந்தால் வெட்டரிவாள். அக்கா பயிற்சிக்கூடத்துக்குப் போவதைப் பற்றி அவள் சொல்லாத நாள் இல்லை.

"ஃபெயிலானவங்களைப் பார்த்திருக்கேன். ஃபெயிலாகிறதையே வேலையா வச்சுக்கிட்டவளை இந்த வீட்டுலதான் பார்க்கிறேன். எங்க அண்ணன் குடுத்து வச்சவரு."

அக்கா தனக்குள் சிரித்துக்கொள்வாள். தன் திறமை ஊருக்குத் தெரியாது, தெரிந்தால் டீ போய்விடும்.

இந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை. ஆறாம் வகுப்பு. வெள்ளைத்தாளில் புள்ளி வைத்தால் அதிலிருந்து பறவை எழுப்புகிற கை. கணக்கில் புலி. வாயில் அத்தையின் வாரிசு. இங்கிலீஷில் மட்டும் மார்க் பாதாளத்தில் கிடந்தது. அந்த வருஷம் பள்ளிக்குப் புதிதாக ஒரு இங்கிலீஷ் சார் மாற்றலாகி வந்திருந்தார். அவர் வந்ததிலிருந்து பிள்ளை சாயங்காலம் பையை மூலையில் எறிவதும், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று.

என்ன என்று கேட்டால் ஒரு தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்லும். சார் ஒரு வார்த்தையை ஒரு தடவைதான் சொல்வாராம். புரியவில்லை என்று யாராவது கை தூக்கினால் கோபிக்க மாட்டாராம், அடிக்க மாட்டாராம். பெருமூச்சு விட்டு ஒரு கதை சொல்வாராம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு தையல்காரம்மா, தான் ஒரே ஒரு தடவை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாளாம். தினமும் பள்ளிக்கூடம் வருகிற உங்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்று வருத்தமாகக் கேட்பாராம். வகுப்பில் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தத் தையல்காரம்மா என்றால் பேய்க்குச் சமம். ஒரு பையன் அவளை நோட்டில் கொம்பு வைத்து வரைந்திருக்கிறான்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. தானும் தையல்காரி என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஊரில் ஆயிரம் தையல்காரி. பெற்ற பிள்ளையை மட்டம் தட்ட எவளோ ஒருத்தி வந்து வாய்த்தாளே என்றுதான் எரிந்தது.

"எவடி அவ? அவ ஊசியில நூலே கோக்க முடியாம போக. அவ வாய்ல கொழுக்கட்டையை வச்சு அடைக்க. ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டாளாம்ல, பெரிய மகராணி. கையில கிடைச்சா காலரோட சேர்த்துத் தைச்சிடுவேன்."

நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். ஜென்மத்தில் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அந்தத் தையல்காரியைத் திட்டுவதில் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி ஆனார்கள். சாபம் கொடுத்துக் கொடுத்து வாய் வலித்தது. லிஃப்ட்காரர்கூட ஒரு சாபம் கொடுத்தார். அது அவ்வளவு நன்றாக இல்லை.

வருஷக் கடைசியில் பள்ளியிலிருந்து ஆள் விட்டார்கள். இங்கிலீஷில் தேறாத பிள்ளைகளின் தாய் தகப்பன் வந்து சாரைப் பார்க்க வேண்டும். சார் தலையாட்டினால் ஏழாம் வகுப்பு. ஆட்டாவிட்டால் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம். பிள்ளை அதைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. கூடப் படிக்கிறவர்கள் மேலே போய்விடுவார்கள், நான் சின்னப் பிள்ளைகளோடு உட்காரணுமா, அதற்குப் பதில் பள்ளிக்கூடமே வேண்டாம், பட்டறையில் பட்டன் தைக்கிறேன் என்றது. இந்தப் பிள்ளை சொன்னால் செய்கிற ரகம்.

பட்டறையில் அரை நாள் லீவு கேட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். வகுப்பறை நீளமாக இருந்தது. சின்ன பெஞ்சுகளில் பெரிய பெரிய அப்பாக்கள் முழங்கால் முகவாய்க்கு வர உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொத்தனார், சீருடையோடு ஒரு நர்ஸம்மா, வேன் டிரைவர் ஒருத்தர், இன்னும் சிலர். பிள்ளைகளை வெளியே வராந்தாவில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். இவள் பிள்ளை கதவை ஒட்டி நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டது.

மேஜைக்குப் பின்னால் சார் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை. கத்தி மாதிரி காலர். அக்கா தொழில் பழக்கத்தில் முதலில் காலரைத்தான் பார்த்தாள். அதற்கு மேலே மீசை. அதற்கும் மேலே கண். அவர் நிமிர்ந்தார்.

இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். இது சத்தமில்லாமல் விழுந்தது. நடுங்கி சார். ஆள் இரண்டு மடங்கு ஆகியிருந்தார். கையில் நடுக்கம் என்ற பேச்சே இல்லை. பேனாவைத் தூண் மாதிரி பிடித்திருந்தார்.

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காணாமல் போன அம்மாவைச் சந்தையில் கண்டுபிடித்தவர் மாதிரி இரண்டு கையையும் கூப்பினார். அத்தனை பேரையும் பார்த்து அறிவித்தார்.

"நான் எப்பவும் உங்க பிள்ளைங்ககிட்ட சொல்வேனே ஒரு தையல்காரம்மா, அது இவங்கதாங்க. என் முதல் மாணவி. ஒரே தடவைதான் சொன்னேன். கப்புனு பிடிச்சுக்கிட்டாங்க."

அக்காவுக்குக் காது அடைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். இப்போது தானே அதைச் செய்து, அந்தச் சூனியக்காரிக்குத் தானே வீட்டில் உட்கார்ந்து சாபமும் கொடுத்திருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போக என்று சொன்னது நினைவுக்கு வந்தது. காலையில் உண்மையிலேயே மூன்று தடவை தவறிப்போய்த்தான் கோத்தாள்.

கதவுப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கண் இமைக்கவில்லை. அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்து, கொம்பு இருக்கிறதா என்று தேடின.

சார் நிறுத்தவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் உண்மையாகவே வேதனைப்பட்டார். இந்த அம்மாவின் பிள்ளையா ஃபெயில் என்று அவரால் நம்ப முடியவில்லை. அப்படியானால் பிள்ளைக்குக் கவனம் இல்லை, இன்னொரு வருஷம் இருந்தால்தான் நல்லது, அம்மாவின் மூளை எங்கே போகும், தானாக வரும் என்று ஆறுதலாகச் சொன்னார். பேனா மூடியைத் திறந்தார்.

அக்கா ஒரு அடி முன்னால் போனாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சார், அதை எழுதாதீங்க. அன்னைக்கு எனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். நீங்க சொல்லி நான் கத்துக்கல. உங்களுக்கு முன்னாடி எத்தனையோ பேர் அதே ஆப்பிளைக் காட்டிட்டாங்க. நீங்க நடுங்கினீங்க, மணி அடிச்சிடுச்சு, பாவமா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்."

சார் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். பெரிய மனசுக்காரர் சிரிக்கிற சிரிப்பு. பிள்ளைக்காகத் தாய் எந்தப் பொய்யும் சொல்லுவாள், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

இது அடுத்த இடி. வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே உண்மையை ஆள் நம்பவில்லை. இத்தனை வருஷமாகக் கட்டின பொய்யோ கோட்டை மாதிரி நிற்கிறது, உள்ளே சார் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார். அவள் யோசித்தாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயில் வந்தது.

"சரி சார். பதினோராம் பாடம், நேத்து நடந்ததைச் சொல்றது, அது எனக்கு சத்தியமா தெரியாது. இப்ப ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் பிடிச்சுக்கிட்டேன்னா என் பொண்ணு அதே வகுப்புல இருக்கட்டும். நானே கொண்டு வந்து உட்கார வச்சிட்டுப் போறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிள்ளையின் ஒரு வருஷத்தைப் பந்தயம் வைக்கிற தாயை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? கதவோரம் நின்ற பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறவள் என்றுதான் இந்த நிமிஷம் வரை சார் சொல்லியிருக்கிறார்.

சார் உற்சாகமாகத் திரும்பினார். கரும்பலகையில் எழுதினார். எழுதினதைப் பலகையைப் பார்த்தபடியே ஒரு தடவை வாசித்தார். அழித்தார். திரும்பி, ம், சொல்லுங்க என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. யெஸ்டர்டே என்று ஏதோ ஆரம்பித்தது போல இருந்தது, அதற்குப் பிறகு புகை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி. அவளுக்கு நிஜமாகவே வேர்த்தது. ஒரு வார்த்தை தெரியாமல் வாத்தியார் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதை இத்தனை வருஷம் நடித்தாளே தவிர, அனுபவித்தது அன்றைக்குத்தான். அறையில் உள்ள எல்லாரும் தன்னையே பார்க்கிற மாதிரி, தரை சரிகிற மாதிரி. இதையா என் பிள்ளை தினமும் அனுபவிக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது.

"நடிக்கிறீங்கம்மா," என்றார் சார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வருஷக்கணக்கில் நடித்தபோது நிஜம் என்று நம்பினார்கள். இன்றைக்கு நிஜம், நடிப்பு என்கிறார்கள். அக்காவுக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

அப்போது கொத்தனார் இருமினார். பெஞ்சில் சிக்கிக்கொண்ட முழங்காலை விடுவித்து எழுந்தார்.

"சார், நான் நடிக்கத் தெரியாத ஆளு. எனக்கும் ஒண்ணும் ஏறல."

நர்ஸம்மாவும் தனக்கும் விளங்கவில்லை என்றாள். மருந்துப் பெயரெல்லாம் வாசிக்கிறவள். வேன் டிரைவர், சார் பலகையை மறைத்துக்கொண்டு நின்றதால் எழுதினதே தெரியவில்லை என்றார். மூலையில் இருந்த ஒருவர், நானும் கேட்கணும்னு நினைச்சேன், கேட்டா தையல்காரம்மா கதையைச் சொல்வீங்களோன்னு பயந்தேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. அது மெல்ல ஆட ஆரம்பித்தது. அக்கா அதைப் பார்த்தாள். அய்யோ என்று நினைத்தாள். அதே நடுக்கம். அந்த மனுஷனிடம் அது எங்கேயும் போகவில்லை, கஞ்சி போட்ட சட்டைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. சாக்பீஸ் உடைந்தது. வழக்கமான பழைய இரக்கம் அவளுக்கு வந்தது. ஆங், புரிஞ்சிடுச்சு சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை நின்றுவிடும். உதடு பிரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். சும்மா நின்றது.

அவர், நான் ஒரே தடவை சொன்னா யாருக்குமே புரியாதா என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அக்காதான் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். எங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் திரும்பி நின்றார். நடுங்குகிற கையோடேயே நேராகக் கதவுக்குப் போனார். எவ்ரி டே ஐ ஓப்பன் த டோர் என்று சொல்லி, சாத்தி, திறந்து காட்டினார். பிறகு சுவரில் இருந்த காலண்டரில் முந்தின நாளைத் தொட்டு, யெஸ்டர்டே ஐ ஓப்பன்ட் த டோர் என்றார். மறுபடி சாத்தினார், திறந்தார். காலண்டருக்கு ஓடினார். கதவுக்கு ஓடினார். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளியே இவள் பிள்ளை பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றது. மூக்கில் இடிக்காமல் இருக்க ஒவ்வொரு தடவையும் பின்னால் சாய்ந்தது. வேர்த்துக் கொட்டியது சாருக்கு. கஞ்சி போட்ட காலர் தொய்ந்தது. கொத்தனாருக்கு மூன்றாம் தடவை பிடிபட்டது. நர்ஸம்மாவுக்கும் பிடிபட்டது. அக்காவுக்கு இன்னும் புகைதான்.

சார் கதவைப் பிடித்தபடி நின்று, கூட்டத்தைப் பார்த்து, யெஸ்டர்டே என்று கேள்வி மாதிரி இழுத்தார். உள்ளேயிருந்து யாரும் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"யெஸ்டர்டே யூ க்ளோஸ்ட் த டோர், சார்."

நேற்று நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், சார். அவ்வளவுதான். ஆனால் சாத்துகிற வார்த்தையை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவே இல்லை. திறப்பதை மட்டும்தான் சொன்னார். சாத்துவதைப் பிள்ளை தானாகவே செய்து கொடுத்தது. கிளி மாதிரி திருப்பிச் சொல்லவில்லை. சார் அசையாமல் நின்றார். அதே பிள்ளையைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். இந்த வருஷம் முழுக்க அந்தப் பாடத்தை எத்தனை நாள் நடத்தினாரோ, ஒரு குழந்தையும் இப்படிச் சொன்னதில்லை போல.

மேஜைக்குப் போனார். பேனாவை மூடினார். எழுதவில்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் லீவில் இரண்டு வாரம் வகுப்பு வைக்கிறேன், முதலிலிருந்து, பிறகு பார்க்கலாம், யாரையும் இப்போது நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். குரலும் நடுங்கியது. அக்காவைப் பார்த்து, நீங்களும் வாங்கம்மா, உங்களுக்கு இன்னும் வரல என்றார். கேலிக்குச் சொன்னாரா, கோபத்துக்குச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை, பிள்ளை திட்டப்போகிறதா, அழப்போகிறதா, அத்தையிடம் போட்டுக்கொடுக்கப் போகிறதா என்று அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தாள். நிழற்குடையில் உட்கார்ந்த பிறகுதான் பிள்ளை வாயைத் திறந்தது.

"அம்மா, எங்க சாரை மட்டுமா பாஸ் பண்ணி விட்டே? வேற யாரையும் பண்ணலயே?"

அக்கா இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பள்ளி விடுகிற நேரம். தெரு முழுக்கப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். நீலப் பாவாடை ஒரு கூட்டம். பச்சைக் கால்சட்டை ஒரு கூட்டம். எதிர்ப்பக்கம் மெரூன் கலர் சட்டைகள். ஒவ்வொரு கலரும் ஒரு பள்ளி. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருப்பார். அழுதவர், திக்கியவர், புருஷனுக்குப் பயந்தவர், வேலைக்குப் பயந்தவர் என்று முகங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு பச்சைக் கால்சட்டைப் பையன் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி அவளைக் கடந்து போனான். அவன் எந்தப் பள்ளி என்று அவனுடைய சட்டைப் பையில் இருந்த சின்னத்தை எட்டிப் பார்த்தாள்.

பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. பிள்ளை கையைப் பிடித்து உலுக்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.